இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

காரணிகள் பாடத்தை நான் எங்கள் உடன்குடிக் கருப்பட்டியை வைத்தே தொடங்குவது வழக்கம். 12 கருப்பட்டிகளை மீதமின்றிச் சம வரிசைகளாக அடுக்க வேண்டும். வரிசைக்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வழிகள் உண்டு. 11 கருப்பட்டிகளுக்கு இரண்டே வழிகள். 12க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது.

இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் விடக் கூடுதல் காரணிகள் கொண்ட எண்களை ‘உயர் பகு எண்கள்’ எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என அவை தொடரும். இவற்றைப் பற்றி இராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. அதில் 6746328388800 வரையான பட்டியலைத் தந்தார். கணினி இல்லாத காலத்தில் உருவான அப்பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டிருந்தது. அது 293318625600, அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

இதை எட்டாம் வகுப்பு மாணவரே சரிபார்க்கலாம். பகாக் காரணிகளின் அடுக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும். 12 = 2² × 3; எனவே 3 × 2 = 6.

விடுபட்ட எண் = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19
காரணிகள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

பட்டியலில் இதற்கு முன்னுள்ள 240940299600க்கு 4800 காரணிகள். பின்னுள்ள 321253732800க்கு 5376. அப்படியானால், இவ்விரண்டுக்கும் இடையே 4800ஐ விடக் கூடுதல் காரணிகள் கொண்ட எண் எதுவும் இல்லை என்று பொருள். 5040 காரணிகளோடு ஓர் எண் இடையில் நிற்கிறதே! பட்டியல் முழுமையானதன்று என்று காட்ட இந்த ஓர் எதிர் எடுத்துக்காட்டே போதும். இதனால் இராமானுஜனின் பெருமை குறையாது. கணிதத்தில் எழுதியவர் யார் என்பதை விட, சரிபார்த்தலே முடிவு சொல்லும் என்பதை மாணவர் உணர்வர்.

இந்த எண்ணில் இன்னும் சில அழகுகள் உண்டு. இது 2520² × 46189. அந்த 2520, 1 முதல் 10 வரையான எண்களின் மீச்சிறு பொது மடங்கு. 1 முதல் 22 வரை எல்லா எண்களாலும் இது மீதமின்றி வகுபடும், 23ஆல் வகுபடாது. ஏன் என்று பகாக் காரணிகளைப் பார்த்தே மாணவர்கள் சொல்லிவிடுவர். காரணிகளின் எண்ணிக்கையான 5040உம் ஓர் உயர் பகு எண்தான். அதற்கு 60 காரணிகள்.

வகுப்பறைச் செயல்பாடு: 60க்கு அடுத்த உயர் பகு எண்ணைக் குழுக்களாகத் தேடச் சொல்லுங்கள். 72, 84, 90, 96 என்று விடைகள் வரும். இவை ஒவ்வொன்றுக்கும் 60ஐப் போலவே 12 காரணிகள். சமம்தான், கூடுதல் அல்ல. 16 காரணிகள் கொண்ட 120ஐ எட்டும்போது ‘கூடுதல்’ என்ற சொல்லின் எடை அவர்களுக்குப் புரியும்.