சுறுசுறுப்பான கிழ நாய்க்கு ரத்தப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: எங்கள் நாய்க்குப் பத்து வயது. நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடுகிறது. பிறகு பரிசோதனை வீண் செலவுதானே?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: நன்றாகச் சாப்பிடுவதை நான் சான்றாக ஏற்கமாட்டேன். சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால் பங்கு பழுதான பிறகே ரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் ஏறும். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது சிறுநீரின் அடர்த்தி. வீட்டில், தண்ணீர்க் கிண்ணம். இரவுவரை வரும் தண்ணீர் மத்தியானமே தீர்கிறதா என்று பாருங்கள். ஆகவே ரத்தத்தோடு சிறுநீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. தேங்கிய மழைநீரில் எலி மூத்திரம் கலந்தால் எலிக்காய்ச்சல் வரும். அது நாயின் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும், வீட்டாருக்கும் தொற்றும். தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் நனைந்த காலை நக்கும் நாய் அந்த எண்ணெயையும் விழுங்கும்.

‘கிழடாகிவிட்டது, கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?’ என்பீர்கள். பாஸ்பரஸ் குறைந்த உணவும், தேவைப்பட்டால் ரத்த அழுத்த மருந்தும் சிறுநீரக நோயின் வேகத்தை மட்டுப்படுத்தும். (காசிமேட்டுக் கருவாட்டுத் தலையை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.) செலவுக்கு அஞ்சினால், வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாய் காலையில் விடும் முதல் மூத்திரத்தைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு போங்கள்.