ஆண்டவரிடம் கேட்பதற்கு முன்னும், கேட்ட பின்னும்

பாபிலோனியர் எருசலேமை அழித்த பிறகு, மிஞ்சியிருந்த யூதர்கள் கரேயாவின் மகன் யோகனானோடு எரேமியாவிடம் வந்தார்கள். தங்களுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். பதில் எதுவானாலும் கீழ்ப்படிவதாகக் கர்த்தரையே சாட்சியாக வைத்து வாக்குக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: எகிப்துக்குப் போகக்கூடாது, இந்த தேசத்திலேயே தங்க வேண்டும். ஆனால் கேட்க வந்தபோதே அவர்கள் எகிப்துக்குப் போகும் எண்ணத்தோடு பெத்லகேமுக்கு அருகே வந்து இறங்கியிருந்தார்கள். எரேமியா பொய் சொல்கிறார் என்று சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

நம் ஜெபங்களில் பலவும் இப்படித்தான் நடக்கின்றன. மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுச் சித்தம் கேட்கிறோம்.

செய்ய வேண்டியவை

• முடிவெடுக்கும் முன் கேளுங்கள். நிச்சயதார்த்தம் முடிந்து, கல்யாணப் பத்திரிகையும் அச்சான பிறகு, "இது தேவசித்தமா என்று ஜெபியுங்கள் ஐயா" என்று போதகரிடம் போய் நின்றால் அவர் என்ன சொல்ல முடியும்? வரன், வேலை, வெளிநாட்டுப் பயணம் எதுவானாலும், "வேண்டாம்" என்ற பதிலுக்கும் மனதில் இடம் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

• வேதத்தை வரிசையாக வாசியுங்கள். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை பலருக்கு ஆறுதல் தருகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டைகளில் கண்டிக்கிற வசனம் அநேகமாக இருக்காது. ஆமோஸையும் யாக்கோபின் நிருபத்தையும் முழுதாக வாசிக்கிறவருக்குத்தான் ஆண்டவர் தன்னைத் திருத்துகிற சத்தமும் கேட்கும்.

• கேட்ட பிறகும் அன்றாட வேலையைச் செய்யுங்கள். சீலோவில் இரவில் கர்த்தருடைய குரலைக் கேட்ட சிறுவன் சாமுவேல், விடிந்ததும் வழக்கம்போல ஆலயக் கதவுகளைத் திறந்தான். பிறகு, சொல்லப் பயந்த அந்தக் கடினமான செய்தியை ஆசாரியன் ஏலி கேட்டபோது ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

• தயக்கம் இருந்தால் ஆண்டவரிடமே சொல்லுங்கள். விசுவாசிகளைத் துன்புறுத்திய சவுலிடம் போகும்படி ஆண்டவர் சொன்னபோது, தமஸ்குவில் இருந்த சீஷன் அனனியா அவனைப் பற்றிக் கேள்விப்பட்டதையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். கேள்வி கேட்டதற்காக அவர் தள்ளப்படவில்லை. பதில் கிடைத்ததும் எழுந்து போனார். தன்னைப் பிடித்துக் கட்டிக்கொண்டுபோக வந்தவனைச் சகோதரன் என்று அழைத்துக் கை வைத்து ஜெபித்தார். தாழ்மை என்று நான் நினைப்பது இதைத்தான்.

• கீழ்ப்படியக் காலம் எடுக்குமானால் பொறுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்ற கட்டுப்பாடு அவர்களைக் காப்பாற்ற விடவில்லை. இந்தியாவில் ஊழியம் செய்யவே விரும்பாத, மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர் அதைத் தனக்கான அழைப்பாக ஏற்றார். உடனே ஓடிவிடவில்லை, அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்தார். 1900இல் திரும்பி வந்து வேலூரில் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் திறந்தார். இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) அப்படி வளர்ந்ததுதான்.

செய்யக்கூடாதவை

• பாதி கீழ்ப்படிந்துவிட்டு மீதியைக் காணிக்கையால் சரிக்கட்டாதீர்கள். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியும் அமலேக்கியரின் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவைத்த சவுல் ராஜா, பலியிடத்தான் வைத்தோம் என்றார். சாமுவேல் அதை ஏற்கவில்லை. வேலையாளின் கூலியைப் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுப்பதும் அதே கணக்குதான்.

• எளிய கட்டளையை அற்பமாக எண்ணாதீர்கள். குஷ்டம் நீங்க யோர்தானில் ஏழு தரம் முழுகச் சொன்னதற்கே சீரியப் படைத்தலைவர் நாகமான் கோபித்துக்கொண்டு திரும்பினார். வேலைக்காரர்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் இறங்கினார்.

• "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்று பிறர்மேல் முடிவைத் திணிக்காதீர்கள். அப்படித் திணிக்கிறவருக்கு அடங்கவும் வேண்டாம். யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவமனிதன், அங்கே அப்பம் புசிக்கக்கூடாது என்ற கட்டளையை நேரடியாகப் பெற்றிருந்தான். கிழவனான ஒரு தீர்க்கதரிசி, தேவதூதன் சொன்னதாகப் பொய் சொல்லி அவனை விருந்துக்கு அழைத்தான். நம்பிப் போனவன் வழியில் சிங்கத்தால் மாண்டான். பெரோயா ஊரார் பவுலின் போதனையையே தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேதம் அவர்களைப் பாராட்டுகிறது. இன்ன பெண்ணைக் கட்டு, இவ்வளவு பணம் கொடு என்று தீர்க்கதரிசனம் சொல்லும் எவரையும் அப்படிச் சோதித்துப் பார்க்கும் உரிமை விசுவாசிக்கு உண்டு. தேவனுக்குக் கீழ்ப்படிவது வேறு, மனிதனுக்கு அடிமையாவது வேறு.

• தெரிந்த கட்டளையைக் கிடப்பில் போட்டுவிட்டுப் புதிய வெளிப்பாட்டுக்கு உபவாசம் இருக்காதீர்கள். சகோதரனுக்கு நம்மேல் குறை இருந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னார் இயேசு. இதற்கு விளக்கவுரை தேவையில்லை. சொத்துத் தகராறில் அண்ணனோடு பேச்சை நிறுத்தியிருக்கிறீர்களா? அடுத்த உபவாச ஜெபம் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அவருக்குப் போன் செய்யுங்கள்.