துருப்பிடித்த ஆணியும் புளியங்கொட்டையும்: துணியில் கறுப்பு அச்சு போடுவோம்



சிப்காட் பக்கத்திலேயே இருப்பதால் மூக்கண்டப்பள்ளியில் கழிவுப் பொருளுக்குப் பஞ்சம் இல்லை. "கழிவிலிருந்து கைவினை" என்று பல பயிற்சிகளில் கேட்டிருப்பீர்கள். இந்த மாதப் பாடமும் அதுதான். ஆனால் செய்முறையோடு இரண்டு விஷயங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். எந்தக் கழிவைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது ஒன்று. கழிவு சும்மா கிடைத்தாலும் நம்ம உழைப்பு சும்மா கிடைப்பதில்லை என்பது இன்னொன்று.

இது புது வித்தை இல்லை

வாழைப்பூவை இரும்பு அரிவாள்மணையில் நறுக்கினால் கை கறுத்துப் போகிறது அல்லவா? துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு வரும். இதையே சாயமாக்கினார்கள் நம் முன்னோர். நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி வரைபவர்கள் கறுப்பு மையை இரும்புத் துண்டு, வெல்லம், தண்ணீர் இவற்றை ஊறவைத்துத்தான் தயாரிக்கிறார்கள். ராஜஸ்தானின் பக்ரு ஊரில் பழைய குதிரை லாடத்தையும் ஆணியையும் ஊறவைத்து, மரக்கட்டை அச்சால் துணியில் பதிக்கிறார்கள். நம் தமிழ்நாட்டுக் கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய இரும்பு, காய், வெல்லம் இவைதான் மூலதனம்.

எது வேண்டும்?

• பழைய ஆணி, லாடம், உடைந்த அரிவாள் போன்ற வெறும் இரும்பு – அரைக் கிலோ
• வெல்லம் – 100 கிராம்
• கடுக்காய்ப் பொடி – 1 கிலோ துணிக்கு 200 கிராம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். தெலுங்கில் கரக்காய, கன்னடத்தில் அளலேகாயி என்று கேளுங்கள்.
• புளியங்கொட்டை – புளி உடைக்கும் வீடுகளில் ஒதுக்கி வைப்பதே போதும்
• பழைய சைக்கிள் டியூப், மரத்துண்டு, பஞ்சர் ஒட்டும் சொலூஷன்
• வெள்ளைப் பருத்தித் துணி அல்லது தைத்த பை. பாலியஸ்டரில் இந்தச் சாயம் பிடிக்காது.

எது வேண்டாம்?

இதைக் கவனமாகப் படியுங்கள். லேத் பட்டறையில் விழும் இரும்புச் சுருள் வேண்டாம். அதில் எண்ணெய் ஊறியிருக்கும். பளபளவென்று முலாம் பூசியது, பெயின்ட் அடித்தது, பேட்டரியில் இருந்து எடுத்தது எதுவும் வேண்டாம். ரசாயனம் வந்த டிரம்மைக் கழுவினாலும் சாயத் தொட்டியாக ஆக்கக்கூடாது. எண்ணெய்க் கழிவும் ரசாயன டிரம்மும் 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் வருபவை. அனுமதி பெற்றவர்களிடம் மட்டுமே போக வேண்டியவை. "சும்மா எடுத்துட்டுப் போங்கம்மா" என்று யார் கொடுத்தாலும் "வேண்டாங்க" என்று சொல்லிவிடுங்கள். அதைக் கையால் அள்ளுவதும் நாம்தான், அந்தப் பாத்திரத்தைத் தொடுவதும் நம் பிள்ளைகள்தான்.

செய்முறை

1. இரும்புத் தண்ணீர்: இரும்பைக் கழுவி, மண்பானை அல்லது பிளாஸ்டிக் வாளியில் போட்டு, வெல்லமும் 2 லிட்டர் தண்ணீரும் சேருங்கள். துணியால் வாய் கட்டுங்கள். இறுக்க மூடி போடக்கூடாது. புளிக்கும்போது காற்று வெளியேற வேண்டும். 15 முதல் 20 நாள் ஆகும். பிறகு வடிகட்டுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

2. துணி: சலவை சோடா போட்டுக் கொதிக்க வைத்து அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். கடுக்காய்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, துணியை அதில் நன்றாக நனைத்துப் பிழிந்து காயவையுங்கள். துணி லேசான மஞ்சளாகும்.

3. மை: புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பைப் பொடி செய்யுங்கள். வடிகட்டிய இரும்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து காய்ச்சுங்கள். தோசை மாவுப் பதம் வந்தால் சரி. அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் செய்யுங்கள்.

4. அச்சு: டியூபைக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, மாங்காய், ரோஜா, கோலம் என்று விரும்பிய வடிவில் வெட்டி மரத்துண்டில் ஒட்டுங்கள். எழுத்து வெட்டினால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வெட்ட வேண்டும்.

5. பதித்தல்: பிளாஸ்டிக் தட்டில் பழைய கம்பளித் துண்டை மடித்து வைத்து மையை ஊற்றினால் அதுவே மை மெத்தை. மேசையிலும் போர்வை விரியுங்கள். அச்சை மையில் ஒற்றி, துணியில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டு. பதிக்கும்போது சாம்பல் நிறமாக இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும்.

6. இரண்டு நாள் காயவிட்டு, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். தேங்கிய தண்ணீரில் ஊறவைத்தால் மை பரவி அழுக்காகும்.

இரும்பு மை அதிகம் கெட்டியானால் நாளடைவில் துணி இற்றுப்போகும். முதலில் ஒரு துண்டில் சோதித்து, துவைத்துப் பார்த்த பிறகே பையில் பதியுங்கள். இதற்கு எடுத்த பாத்திரத்தில் சமைக்கக்கூடாது.

விலை எப்படிப் போடுவது?

பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கியது. துணிப்பைக்குத் தேவை இருக்கிறது. ஆனால் பலரும் செய்யும் தவறு, "மையெல்லாம் கழிவுதானே" என்று விலையைக் குறைத்துவிடுவது.

உதாரணத்துக்கு 40 தாம்பூலப் பை ஆர்டர் என்று வையுங்கள். தைத்த பை ஒன்று 25 ரூபாய் என்றால் 1,000 ரூபாய். கடுக்காய், வெல்லம், மற்றவை 150. மூன்று பேர் இரண்டு நாள், ஆக ஆறு நாள் கூலி. நாளுக்கு 400 என்றால் 2,400. மொத்தம் 3,550. ஒரு பையின் அடக்க விலையே ஏறக்குறைய 89 ரூபாய்! 60 ரூபாய்க்கு விற்றால் வருவது 2,400. செலவு 1,150 போக மிச்சம் 1,250. அதாவது ஆளுக்கு ஒரு நாள் கூலி 208 ரூபாய்தான். ஆர்டர் முடிந்த சந்தோஷத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. நோட்டில் எழுதினால்தான் தெரியும்.

கை பழகி ஆறு நாள் வேலை நான்கு நாளில் முடிந்தால் அடக்கம் 69 ரூபாய்க்கு வந்துவிடும். சுவரில் மாட்டும் துணிப்படம், டைரி உறை போன்றவற்றுக்கு விலை கொஞ்சம் அதிகம் கேட்கலாம். ஓவியர்கள் அச்சுப்படத்தின் கீழே 3/40 என்று பென்சிலில் எழுதுவார்கள். மொத்தம் 40, இது மூன்றாவது என்று பொருள். நாமும் அப்படி எழுதினால், இது மிஷினில் அடித்த சரக்கு இல்லை என்று வாங்குபவருக்குப் புரியும்.

கணக்கு நமக்குப் புதிதா என்ன? 1989-ல் மகளிர் குழுக்கள் தமிழ்நாட்டில் தொடங்கியதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில், அதாவது நம்ம மண்ணில்தான். சேமிப்பையும் கடனையும் எழுதிய அதே கைகள் உழைப்பையும் எழுதட்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் தெருவில் எண்ணெய், பெயின்ட் படாத இரும்பு எங்கே கிடைக்கும்?
• மூடாத பானையை 20 நாள் யார் வீட்டில், எந்த இடத்தில் பாதுகாப்பாக வைக்கலாம்?
• நம் குழுவில் ஒரு நாள் உழைப்பின் விலை என்ன? அதை இன்றே தீர்மானமாக எழுதுங்கள்.