அளவுச் சட்டை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். அந்தப் பாதி ஆடையை யார் தைக்கிறார்கள், எப்படித் தைக்கிறார்கள் என்று நான் பதினேழு வயது வரை யோசித்ததே இல்லை. உயர்தரத்தில் மனைப்பொருளியல் படிக்கும் ஒருத்தி இதைச் சொல்ல வெட்கப்படத்தான் வேண்டும். என் ராத்தாவின் நிக்காஹ்வுக்கு உடுப்புத் தைத்தபோது, கொப்பியும் பேனையுமாகத் தையற்காரர் வீட்டில் இருந்து அளவு எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டதையும் கற்றதையும் இங்கே தருகிறேன்.

முதலில் எங்கள் வீட்டில் தைப்பது என்ற பேச்சே இருக்கவில்லை. கொழும்பில் வாடகைக்கு விடும் ஒரு கவுணை ராத்தா தொலைபேசியில் பார்த்து வைத்திருந்தார். ஒரு நாள் உடுப்புக்கு ஏன் இவ்வளவு செலவு, போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. நானும் அவர் பக்கம்தான். வீண்விரயம் கூடாது என்று மார்க்கம் சொல்வதையும் எடுத்துக் காட்டினேன். உம்மா ஒன்றும் பேசவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெரியும்மாதான் சுளகைக் கீழே வைத்துவிட்டு, "நான் இரவல் உடுப்பிலதான் கலியாணம் முடிச்சனான். இந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம்" என்றார்.

அந்தக் கதையை அன்றுதான் முழுமையாகக் கேட்டேன்.

1990ஆம் ஆண்டு பெரியும்மாவுக்கு இருபது வயது. நவம்பரில் கலியாணம் என்று நாள் குறித்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் செய்துவந்த தொழில்களில் தையலும் ஒன்று. பெண்கள் தையற்கடைக்குப் போய் அளவு கொடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இருக்கவில்லை. அதற்குப் பதிலாக 'அளவுச் சட்டை' போகும். உடம்புக்குக் கச்சிதமாக இருக்கும் பழைய சட்டை ஒன்றைப் புதுத் துணியோடு சுற்றிக் கொடுத்தனுப்பினால், தையற்காரர் அதை விரித்து வைத்து அதன்படி வெட்டுவார். பெரியும்மாவும் தன்னிடம் இருந்தவற்றில் நல்ல சட்டையையே அளவுக்குக் கொடுத்தார். கலியாணச் சாரிக்கான சட்டைத் துணியும் அதோடு போனது.

ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லாரும் ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும், இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்பதே உத்தரவு. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அந்த மாதத்தில் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டதைப் பெரியவர்கள் அறிவீர்கள். என் வயது மாணவிகளில் சிலருக்கு அது வெறும் ஒரு திகதியாகத்தான் தெரியும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. பெரியும்மாவுக்கு அந்த நாள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த தையற்கடை. "ஓடிப்போய்ச் சட்டையை வாங்கிக்கொண்டு வரட்டா?" என்று கேட்டாராம். "ரெண்டு மூண்டு நாளில திரும்பி வந்திடுவம், அது அங்கேயே கிடக்கட்டும்" என்றாராம் உம்மப்பா.

கலியாணம் அடுத்த வருடம் புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் நடந்தது. சாரியும் சட்டையும் அயல் கொட்டில் பெண் ஒருவருடையவை. சட்டை பெரியும்மாவைவிட இரண்டு மடங்கு. முதுகுப் பக்கம் ஏழு சேப்டி பின் குத்தி இறுக்கினார்கள். பெண்கள் சுற்றி இருந்து வாழ்த்துச் சொல்லும்போது அதில் ஒன்று திறந்து குத்தத் தொடங்கியது. சாப்பாடு முடியும் வரை அசையாமல் இருந்தாராம். "பொம்பிளைக்கு நல்ல அடக்கம் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம்" என்று சொல்லிப் பெரியும்மா சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. ராத்தா அன்று இரவே கொழும்புக் கவுணை வேண்டாம் என்றுவிட்டார்.

எங்கள் தையற்காரர் நானா புத்தளத்தில் தன் வாப்பாவிடம் தொழில் பழகியவர். அளவெடுப்பது அவருடைய மனைவி. திரைக்கு அந்தப் பக்கம் மாமி நாடாவைப் பிடித்து எண்ணைச் சொல்ல, இந்தப் பக்கம் நான் எழுத, நானா மெசினை விட்டு எழும்பாமலே காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். அளவுச் சட்டை போதாதா என்று கேட்டேன். அதில் இருப்பது அந்தச் சட்டை தைத்த அன்றைய உடம்பு, அதிலிருந்த பிழையும் புதுச் சட்டைக்கு வந்துவிடும் என்றார். மொத்தம் பத்தொன்பது அளவுகள். "மூச்சை உள்ளுக்கு இழுக்காதீங்கோ மகள், அண்டைக்குச் சாப்பிடவும் வேணும்" என்று மாமி ராத்தாவை இரண்டு தடவை ஏசினார்.

ராத்தாவின் அளவுகளை இங்கே எழுதினால் அவர் என்னைச் சும்மா விடமாட்டார். ஆகவே ஓர் உதாரணம் மட்டும். ஒருவரின் மேற்கைச் சுற்றளவு 11 அங்குலம் என்றால், சட்டைக் கை 11 அங்குலம் இருக்கக்கூடாது. கையைத் தூக்கவும் மடக்கவும் ஏறத்தாழ 2 அங்குலம் தளர்வு வேண்டும். அதற்கு மேல் தையலுக்கு உள்ளே விடும் துணி தனி. கடைகளில் தைத்து விற்கும் உடுப்புகளில் அது அரை அங்குலமும் இராது. துணி மிச்சம் பிடித்தால்தான் ஆயிரக்கணக்கில் தைப்பவர்களுக்கு இலாபம். நானா பக்கத் தையலில் ஓர் அங்குலம் விட்டார். பின்னால் உடம்பு பெருத்தால் தையலைப் பிரித்து விரிக்கலாம். ஒரு உடுப்பு அளவுக்குத் தைத்ததா, வாங்கியதா என்று பார்க்க அதைப் புறம் திருப்பி இந்த ஓரத்தைப் பார்த்தாலே போதும்.

வாங்கிய நல்ல துணியில் அவர் உடனே கத்தரிக்கோல் வைக்கவில்லை. மலிவான வெள்ளைப் பருத்தித் துணியில் முழு உடுப்பையும் வெட்டி, நீளத் தையல் போட்டு, ராத்தாவை உடுக்க வைத்தார்கள். இரண்டு விடயங்கள் வெளிவந்தன. ராத்தாவின் வலது தோள் இடதைவிட அரை அங்குலம் தாழ்வு. பெரும்பாலானோருக்குத் தோள்கள் சமமில்லையாம், கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. நானா அந்தப் பக்கம் மெல்லிய ஒரு பஞ்சு மெத்தையை உள்ளே வைத்துச் சரிப்படுத்தினார். மற்றது எங்கள் பிழை. அளவு கொடுக்கும்போது ராத்தா வீட்டுச் செருப்போடு நின்றார், நிக்காஹ்வுக்கு வாங்கிய சப்பாத்தின் குதியோ இரண்டரை அங்குலம். உடுப்பு கணுக்காலுக்கு மேலே நின்றது. வெள்ளைத் துணியில் தெரிந்தபடியால் தப்பினோம். உடுப்புத் தைக்கப் போகும் தங்கைமாரே, சப்பாத்தையும் கொண்டு போங்கள்.

வடிவமைப்பில்தான் வீட்டில் அதிகச் சண்டை நடந்தது. பின்னால் இழுபடும் நீள வால் வேண்டும் என்று ராத்தா நின்றார். பெருநாளுக்கும் உடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நான் நின்றேன். மணி வேலைப்பாடு மார்பு நிறைய வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு மாமி சொல்லியனுப்பினார். அப்போது நானா ஒரு மகாராணியின் கதையைச் சொன்னார். 1953 ஜூன் 2ஆம் திகதி இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது உடுத்த வெள்ளைச் சட்டின் உடுப்பை வடிவமைத்தவர் நோமன் ஹார்ட்னல். பல வரைபடங்களைக் காட்டிய பிறகே இராணி ஒன்றுக்குச் சம்மதித்தார். அதிலும் பொதுநலவாய நாடுகளின் சின்னங்களை நிறத்தோடு சேர்க்கச் சொன்னார். அப்படித்தான் இலங்கைக்காக அதில் தாமரைப் பூ வந்தது. 1954 ஏப்ரலில் அதே உடுப்போடு அவர் கொழும்பில் பாராளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடக்கி வைத்தார். எங்கள் வெயிலில் அந்தக் கண்ணாடி மணிகள் சூடேறி அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டனவாம். "இராணிக்கே அப்படி எண்டால் ஓகஸ்ட் மாச யாழ்ப்பாணத்தில உங்களுக்கு?" என்று கேட்டார் நானா. மணி வேலை கழுத்தோரத்திலும் கை முனையிலும் மட்டும் என்று முடிவானது. உள்துணி பருத்தி. அதை வெட்டுவதற்கு முன் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டார்கள். பருத்தி பின்னால் சுருங்கினால் மேல்துணியையும் இழுத்துச் சுருக்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் கடைசியில் வந்தது. உடுப்பு முழுவதும் தைத்து முடிந்தும் கீழ்விளிம்பை மடித்துத் தைக்காமல், ஒரு நாள் முழுக்கக் கொளுவித் தொங்கவிட்டார். பாவகடை விரியும்படி சாய்வாக வெட்டிய துணி தன் பாரத்தாலேயே மெல்லக் கீழிறங்குமாம். மறுநாள் போய்ப் பார்த்தேன். நேர் இழையில் வெட்டிய முன்பக்கம் அப்படியே இருக்க, சாய்வாக வெட்டிய பக்கங்கள் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தன. அதற்குப் பிறகுதான் தரையிலிருந்து கோல் வைத்து அளந்து விளிம்பை வெட்டினார். அவசரத்தில் முதல் நாளே தைத்திருந்தால், கலியாணத்தன்று விளிம்பு அலையலையாகத் தொங்கியிருக்கும். பாடப்புத்தகத்தில் இதைப் படித்து ஒரு பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். கண்ணால் கண்ட பிறகுதான் நம்பினேன்.

செலவு வாடகையைவிடக் கூடத்தான் முடிந்தது. வீண்விரயம் என்று நான் சொன்னது முழுக்கப் பிழை என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் வால் இல்லாமல் தைத்தபடியால் ராத்தா அதை ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் உடுத்தார். கலியாணத்தன்று அவர் கையைத் தூக்கி ஸலாம் சொன்னதையும், குனிந்து உம்மாவைக் கட்டிப்பிடித்ததையும், வயிறு நிறையப் புரியாணி சாப்பிட்டதையும் பெரியும்மா ஒரு மூலையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

கலியாணம் முடிந்த கிழமை, கூலியின் மிச்சக் காசைக் கொடுக்கப் பெரியும்மாவும் நானும் போனோம். நானா ஒரு மீற்றரளவு மிச்சத் துணியை மடித்து வைத்திருந்தார். ஒரு சாரிச் சட்டைக்குக் காணும், ஆருக்கு வேண்டும் என்று கேட்டார். பெரியும்மா துணியை வாங்கிக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, தனக்கே தைக்கச் சொன்னார்.

"அளவுச் சட்டை கொண்டு வந்தனீங்களா ராத்தா?"

"இல்லைத் தம்பி. அளந்தே எடுங்கோ" என்று பெரியும்மா திரைக்கு உள்ளே போனார். நான் கொப்பியில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினேன்.