கீரையின் பச்சையில் ஒளிந்திருக்கும் வைட்டமின்

இதய வால்வு மாற்றிக்கொண்ட ஓர் அம்மா என்னிடம் வந்திருந்தார். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். ‘‘மூட்டு வலிக்கு நல்லதுன்னு சொன்னாங்க. ரெண்டு வாரமா தினமும் முருங்கைக்கீரைச் சாறு குடிக்கிறேன் டாக்டர்’’ என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஐ.என்.ஆர். அளவு இருக்க வேண்டியதற்கும் கீழே இறங்கியிருந்தது.

கீரை அப்படி என்ன செய்தது? இலைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம், வாருங்கள்.

இலையின் செல்களில் பசுங்கணிகங்கள் உண்டு. அவற்றுக்குள்ளே மெல்லிய பச்சைச் சவ்வுகள். வெயில் பட்டதும் பச்சையத்திலிருந்து எலெக்ட்ரான் கிளம்புகிறது. அதை வாங்கி அடுத்த இடத்துக்குக் கைமாற்றி விடுவது வைட்டமின் கே1. இதற்கு நீளமான வால் ஒன்று உண்டு. அந்த வாலால்தான் சவ்வின் கொழுப்புக்குள் ஊன்றி நிற்கிறது. ஆக, செடி இதைத் தயாரிப்பது நமக்காக அல்ல, தன் சமையலுக்காக!

அதனால்தான் பச்சை அதிகமுள்ள இடத்தில் கே-யும் அதிகம். பாலக் கீரை 100 கிராமில் சுமார் 480 மைக்ரோகிராம், முட்டைகோஸில் 76தான். கோஸிலேயே வெளுத்த உள் இலையைவிட பச்சையான வெளி இலையில் கூடுதல். முள்ளங்கியில் பேருக்குத்தான் இருக்கும். அதன் கீரையிலோ நிறைய.

‘‘வேகவச்சு தண்ணியை வடிச்சுட்டா போயிடுமே?’’ என்பார்கள். போகாது. இது எண்ணெயில் கரைகிற சரக்கு.

ரத்தம் உறைய உதவும் நான்கு புரதங்களைக் கல்லீரல் தயார் செய்ய இந்த கே வேண்டும். வார்ஃபரின், அசினோகூமரால் மாத்திரைகள், கல்லீரல் கே-யைப் புதுப்பித்துக்கொள்வதைத் தடுக்கின்றன. கீரையைத் திடீரென்று கூட்டினால் மருந்து தோற்றுப்போகும். வால்வில் ரத்தம் கட்டலாம், பக்கவாதம்கூட வரலாம். பயந்துபோய் கீரையை அடியோடு விட்டாலோ மருந்தின் கை ஓங்கி ரத்தக்கசிவு ஏற்படலாம். (ஆஸ்பிரினுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. இந்த மாத்திரைகளைச் சாப்பிடாதவர்கள் கீரையைக் கண்டு மிரள வேண்டாம்.)

இம்மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவு கீரை சாப்பிடுங்கள். மாற்றுவதானால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். சித்த மருந்து சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்!

அந்த அம்மாவை அன்றே அவருடைய இதய டாக்டரிடம் அனுப்பினேன். சாறு நின்றது, வாரம் இரண்டு நாள் கீரைப் பொரியல் தொடர்கிறது. மூட்டுக்கு நொச்சி இலை ஒத்தடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.