முப்பது எண்ணுவதற்குள்

அன்புள்ள மருமகளுக்கு,

திருச்சுழி மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே அருப்புக்கோட்டைப் பக்கம் மின்னுகிறதே, அது எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தாய். நீயே கணக்குப் போடலாம்.

மின்னலின் வெளிச்சம் அந்தக் கணமே கண்ணுக்கு வந்துவிடும். சத்தம்தான் தாமதம். நம் ஊர் வெக்கையில் அது நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். கிலோமீட்டருக்கு மூன்று நொடி. மின்னியதும் எண்ணத் தொடங்கு, இடியின் முதல் சத்தத்தில் நிறுத்து, மூன்றால் வகு. மின்னல் பல கிலோமீட்டர் நீளமுள்ளது. கிட்டத்தில் இருக்கும் பகுதியின் சத்தம் முந்திவரும், மற்றவை பின்னால் உருண்டுவரும். பயத்தில் எண்ணிக்கை ஓடிவிடும், அதனால் கடிகார நொடிமுள்ளோடு இப்போதே எண்ணிப் பழகு.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் இதே கணக்கைத் திருப்பிப் போட்டார் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம். பரங்கிமலையிலும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பீரங்கி வெடிக்கும்போது, வானாய்வுக்கூடத்திலிருந்து தீவெளிச்சத்தைப் பார்த்து, ஓசை வரும்வரை நொடிகளைக் குறித்தார். பரங்கிமலை அங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டர். ஓசை வர இருபத்தைந்து நொடிக்கு மேலாகும். மாதக்கணக்கில் குறித்ததால்தான், குளிர் மாதங்களைவிட வெயில் மாதங்களில் ஒலி வேகமாக வருவதும் பிடிபட்டது. 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதை வெளியிட்டது. அந்தப் பொறுமையை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்புத்தான். அவருக்குத் தூரம் தெரியும், வேகத்தைத் தேடினார். உன் கையில் வேகம் இருக்கிறது, தூரத்தைத் தேடுகிறாய்.

உங்கள் ஊருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நேர்கோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே விழும் மின்னலின் இடி உன்னிடம் வர முப்பது நொடிக்கு மேலாகலாம். காற்று எதிர்த்தால் கேட்காமலும் போகும். முப்பது எண்ணுவதற்குள் கேட்டுவிட்டால் வெளியே நிற்காதே. உன் எண்ணிக்கை விழுந்து முடிந்த மின்னலைத்தான் அளக்கிறது. அடுத்தது உன் பக்கத்திலேயே விழலாம், ஒரு சொட்டு மழைகூட இல்லாமல்.

கரிசல்காட்டில் பருத்தி, மல்லிச்செடிகளுக்கு நடுவே நின்றால் நீதான் உயரம். ஒற்றைப் பனையும் வேம்பும் ஒதுங்கும் இடமல்ல. கண்மாய்க் கரை மேட்டிலும் ஏறாதே. மழைக்கு ஏங்கிக் கிடக்கிற மண்ணில் முதல் தூறலில் நனையும் ஆசை எனக்கும் உண்டு தாயி. ஆனாலும் காரை வீட்டுக்குள் போய்விடு. வழியில் என்றால் பேருந்துக்குள்ளேயே இரு. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்து வெளியே வா. ஆட்டுக்குப் போகிற தாத்தாவிடமும் இந்த முப்பதைச் சொல்லிவை.

அன்புடன்,
மாமா