கடற்கரைக் கோயிலில் கேட்க மூன்று கேள்விகள்

கூடலூர் வட்டத்து ஸ்ரீமதுரையிலிருந்து மாமல்லபுரம் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் படிக்கும் மலைப்பள்ளிகளில், கடலை முதன்முதலில் பள்ளிச் சுற்றுலாவில்தான் பார்க்கப்போகிறவர்கள் பலர். அந்த அரிய வாய்ப்பு ஒரு குழுப்படத்தோடும் ஒரு சங்கு மாலையோடும் முடிந்துவிடக் கூடாது. சுற்றுலாவைக் களப்பயணமாக்க மூன்று கேள்விகள் போதும். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு இவை பொருந்தும்.

முதல் கேள்வி: எப்படிக் கட்டினார்கள்?

ஐந்து ரதங்களை முதலில் காட்டுங்கள். ஒவ்வொன்றும் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய ஒற்றைக்கல் கோயில். அடுத்து, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலுக்குச் செல்லுங்கள். "இரண்டுக்கும் என்ன வேறுபாடு?" என்று மட்டும் கேளுங்கள், விடையைச் சொல்லாதீர்கள். கற்களுக்கிடையே உள்ள இணைப்புக் கோடுகளை யாராவது ஒரு மாணவர் கண்டுபிடிப்பார். குடைந்த கோயிலிலிருந்து அடுக்கிக் கட்டிய கோயிலுக்கு வந்த மாற்றம் அந்தக் கோடுகளில் இருக்கிறது. இரண்டு சிவன் சன்னதிகளுக்கும் இடையே பள்ளிகொண்ட பெருமாள் மட்டும் அங்கேயே இருந்த பாறையில் செதுக்கப்பட்டிருப்பதையும் பார்க்கச் சொல்லலாம்.

இரண்டாம் கேள்வி: கடல் என்ன செய்தது?

அருச்சுனன் தபசுச் சிற்பங்களையும் கடற்கரைக் கோயில் சிற்பங்களையும் ஒரே நாளில் வரையச் செய்யுங்கள். ஊருக்குள் இருக்கும் முன்னதில் முகங்கள் தெளிவாக உள்ளன. அலையோரம் இருக்கும் பின்னதில் பல மழுங்கிவிட்டன. உப்புக்காற்றின் ஈரம் கல்லின் நுண்துளைகளில் புகுகிறது. ஈரம் காயும்போது உப்பு படிகமாகிப் பெருத்து, கல்லைத் துகள்துகளாக உதிர்க்கிறது. இது அறிவியல் பாடமும்தான். அரிப்பைத் தடுக்கக் கடலோரம் பாறைகள் கொட்டப்பட்டிருப்பதையும் காட்டுங்கள்.

மூன்றாம் கேள்வி: இது நமக்கு எப்படித் தெரியும்?

இதற்குச் சில கிலோமீட்டர் வடக்கே உள்ள சாளுவன்குப்பம் செல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அங்கே ஒரு பாறையில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவை திருவிழ்ச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலைக் குறித்தன. அந்தத் தடயத்தைப் பின்பற்றி 2005இல் இந்தியத் தொல்லியல் துறை அருகிலிருந்த மணல்மேட்டை அகழ்ந்தது. பல்லவர் காலக் கருங்கல் கோயிலின் எச்சங்களும் அவற்றுக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயிலும் கிடைத்தன. செங்கல் கட்டடம் சங்க காலத்தது என்பது அகழ்ந்தோர் கருத்து. எழுத்து, மண்ணடுக்கு, செங்கல் என்று சான்றுகளைக் கோத்துத்தான் வரலாறு எழுதப்படுகிறது என்பதை மாணவர் இங்கே நேரில் காண்பர். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதையை மூடுவதைப் பார்த்த மலைப்பிள்ளைகளுக்கு, ஒரு கோயில் மணலில் மறைந்ததைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

தொடாமல் பார்ப்பது

சிற்பத்தின் மேல் ஏறக் கூடாது என்று கட்டளையிடுவதைவிடக் காரணம் சொல்வது பயன் தரும். ஹவாய்த் தீவில் கடலை நோக்கிய மேட்டில் புகோஹோலா என்ற வழிபாட்டு மேடை உள்ளது. 1790–91இல் கமேஹமேஹா மன்னன், சாந்து பூசாமல் எரிமலைக் கற்களை அடுக்கி அதைக் கட்டுவித்தார். இன்றும் பார்வையாளர் அதன்மேல் ஏறுவதில்லை. வெளியே நின்றுதான் பார்க்கிறார்கள். அம்மக்களுக்கு அது புனித இடம் என்பது ஒரு காரணம். சாந்தில்லாத கல்லடுக்கு காலடியில் குலையும் என்பது மற்றொன்று.

மாமல்லபுரத்துக் கடலில் இறங்க யாரையும் அனுமதிக்காதீர்கள். அலையின் இழுப்பு வலியது. ஒவ்வோர் இடத்திலும் தலை எண்ணிக்கை எடுங்கள்.

திரும்பிய பின்

அதே மூன்று கேள்விகளை மாணவர் தம் ஊரிலும் கேட்கட்டும். நீலகிரியில் கல்திட்டைகளும் கல்வட்டங்களும் உண்டு. பழங்குடியினர் இன்றும் வழிபடும், கட்டடமே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே செல்லுமுன் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். கோபுரம் உள்ள இடத்துக்குக் காட்டிய மரியாதையை அது இல்லாத இடத்துக்கும் மாணவர் காட்டினால், களப்பயணத்தின் நோக்கம் நிறைவேறியது எனலாம்.